வாரா வாரம் கிட்டே வந்த பாறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நானும் அப்பாவும் ஏதோ இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும். போன்ல சொல்லலாம்தான், அப்பா காதுல விழாம பேச இந்த வீட்டுல இடமேது, அதான் கடிதம்.

ஸ்டூடியோவை மூடினதுலேர்ந்து அவருக்கு இந்த ஊருக்கு வெளியே இருக்குற பாலைவனத்து மேல பைத்தியம் பிடிச்சது உனக்குத் தெரியும். வாரம் தவறாம பஸ் பிடிச்சுப் போய், மலைப்பாதையோரம் காத்தும் மழையும் அரிச்சு வச்ச கலர்ப் பாறைகளைப் படம் எடுத்துட்டு வருவார். ஆயுசு முழுக்க பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவங்களை அசையாதீங்க அசையாதீங்கன்னு சொல்லியே தொண்டை வத்திப்போச்சு, கல்லுக்குச் சொல்ல வேண்டியதில்லை பாருன்னு சிரிப்பார். அதுல ஒரு பாறை மேல தனிப் பிரியம். கீழே சிவப்பு, நடுவுல மஞ்சள், மேலே கத்தரிப்பூ நிறம், போர்வை போத்திக்கிட்டு நிக்கிற ஆள் மாதிரி இருக்கும். அதையே எடுத்து எடுத்துக் கூடத்துச் சுவர்ல ஒட்டினார். படத்துக்குப் படம் அது பெரிசாகிட்டே வந்தது. கிட்டப் போய் எடுத்தீங்களான்னு கேட்டேன். இல்லையே, பின்னாடி தள்ளித்தான் நின்னேன், இல்லேன்னா ஃபிரேமுக்குள்ள அடங்கலன்னார். சொல்லும்போது முகத்துல பயமே இல்லை.

போன வாரம் நானும் கூடவே கிளம்பிட்டேன். பாதையில வேற ஆளே இல்லை. புடவைத் தலைப்பு பறக்குற அளவுக்குக் காத்து, ஆனா பாறைச் சந்துலேர்ந்து ஒரு சத்தமில்லை, காதைப் பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி. கெட்டி மண்ணுல அவர் கேமரா ஸ்டாண்டோட கால் பதிஞ்ச பழைய குழியெல்லாம் அப்படியே இருந்தது, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா பின்வாங்கிட்டே வந்திருக்கு. கடைசிக் குழிக்கு அந்தப் பக்கம் பள்ளம் பாப்பா, அடி தெரியாத பள்ளம். அவர் கேமராவுல கண்ணை வச்சபடி, அடங்கல, இன்னும் கொஞ்சம்னு முனகிட்டே பின்னாடி நகர்றார். கத்தினேன், காதுலயே வாங்கல. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன், ரெண்டு பேரும் மண்ணுல விழுந்தோம், கேமரா ஸ்டாண்டோட பள்ளத்துல போச்சு. நிமிர்ந்து பாத்தா பாறை எங்கயோ தூரத்துல, ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்குது. அப்பா என் கையை விடாம அழுதார். அவர் அழுது நான் பாத்ததில்லை.

திரும்பும்போது மலைப்பாதைக் காவல்காரர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், முந்தாநாள் அவர் பள்ளத்துல இறங்கிக் கேமராவைத் தேடி எடுத்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். லென்ஸ் நொறுங்கிப்போச்சு, உள்ள கார்டு மட்டும் பத்திரம். அப்பாவுக்குத் தெரியாம எதிர்வீட்டு டீச்சரம்மா கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். கடைசிப் படத்துல பாறையே இல்லை, மண்ணுல விழுந்து கிடக்குற எங்க ரெண்டு பேர் முகம்தான். கேமரா போனது எங்களுக்குப் பின்னாடி, படம் எடுத்திருக்கிறது முன்பக்கத்துலேர்ந்து. என் புருவத்துல ஒட்டின மண்ணு வரைக்கும் தெரியுது, அவ்வளவு கிட்டத்துலேர்ந்து. டீச்சரம்மா அதை அழிச்சுட்டு, என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க.

அப்பா நல்லாத்தான் சாப்பிடுறார். ஆனா நேத்து அந்தச் சுவர் முன்னாடி நின்னு, பாப்பாகிட்ட சொன்னா புதுக் கேமரா அனுப்புவான்னார். கேட்டா முடியாதுன்னு சொல்லிடு, கோவிச்சுக்கட்டும். சீக்கிரம் ஒரு தடவை வந்துட்டுப் போ, நீ வீட்டுல இருந்தா அவர் வாசப்படி தாண்ட மாட்டார்.

ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க. வேளைக்குச் சாப்பிடு. வரும்போது மாப்பிள்ளையோட கேமராவை எடுத்துட்டு வராதீங்க. போன்ல கூட எங்களைப் படம் எடுக்க வேண்டாம், நேர்ல பாத்துக்கோ, போதும்.

உன்னையே நினைச்சுட்டிருக்கிற
அம்மா