என் பெயரில் நீ படித்த புத்தகங்கள்

என் உயிர் அமுதாக்கா,

பெரியோர்களே, தாய்மார்களே! மழையில் நனைந்ததென்று வேலியில் காயப்போட்டிருந்த படிப்பகத்துக் கொடியில் சரிபாதியை, நம் வீட்டு வெள்ளாடு நேற்றுக் காலை உட்கொண்டுவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்கிறேன். ஆடு நலம். எந்தக் கட்சி என்று மட்டும் அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

சிரித்தாயா? மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. அடுத்த நடவும் வந்துவிட்டது. இங்கே என் ஜோக்குக்குச் சிரிக்க ஆள் குறைந்துவிட்டது.

இன்னொரு சேதி, இது பெரிசு. மிராசுதாரிடம் கொடுக்கப்போகிற கூலி மனுவில் ஒரு வரி ஏறியிருக்கிறது: நாற்றுப் பறிக்கிற ஆணுக்கு என்ன கூலியோ, அதே கூலி நடுகிற பெண்ணுக்கும். போன வருஷம் சங்கக் கூட்டத்தில் நீ கேட்டு, ஊரே சிரித்ததே, அதே கேள்விதான். இந்தத் தடவை அதை எழுப்பியது யார் தெரியுமா? சாட்சாத் அடியேன். மாலைதான் போடவில்லை.

எல்லாம் அந்த லைப்ரரி கார்டால் வந்தது. "பொம்பளைப் புள்ள பேரு எதுக்கு ஆபீசு நோட்டுல?" என்று அப்பா சொன்னதால் கார்டு என் பெயரில் இருந்தது. சீட்டில் நீ எழுதித் தருவாய், நான் சைக்கிளில் மன்னார்குடி போய் எடுத்து வருவேன். சுமந்தேனே தவிர, ஒன்றையும் பிரித்துப் பார்த்ததில்லை. லைப்ரரி சாருக்கு அது எப்படித் தெரியும்? இரவல் நோட்டில் என் பெயர்ப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, "பெண்ணுரிமை எங்க ஆரம்பிச்சுதுன்னு இவ்வளவு படிச்ச பய இந்தத் தாலுகாவுலயே கெடையாது" என்று சங்கத்துக் கோவிந்தண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணன் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "தம்பி, ஞாயித்துக்கெழம கூட்டத்துல நாலு வார்த்த பேசுப்பா!"

எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையும் கூட்டத்தில் பேசக்கூடியவை அல்ல. அதனால்தான் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உன் கோடுபோட்ட நோட்டு அடியில் இருந்தது.

அக்கா, படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றிவிட்டது. கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒருத்தி, பெண்ணுக்குக் குறைவு அறிவில் இல்லை, கொடுக்காத படிப்பில்தான் என்று வாதாடினாளாமே. பிரான்சில் புரட்சி செய்து மனித உரிமை என்று எழுதிய ஆண்களிடம், அதில் நாங்கள் எங்கே என்று கேட்டவளின் தலையையே வெட்டிவிட்டார்களாமே. நிஜமாகவா? கேள்வி கேட்டதற்கா? நம் பக்கத்து மாநாட்டு மேடைகளில், தாலி எதற்கு என்று கேட்டவளைப் பற்றியும் எழுதியிருந்தாய். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லையே.

அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்ததுதான் என்னை அடித்துப் போட்டது.

"நாலாவது ஆள், என் அம்மா. எழுதத் தெரியாது. நட்டுவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: அவங்க குனிஞ்சா வேலை, நாங்க குனிஞ்சா மட்டும் என்னடீ? இதை நான் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்."

அதன் கீழே, வேறு மையில்: "கேட்டேன். பின்னாலிருந்து தவளை கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள், பேச்சு மாறிவிட்டது. தவளை யாரென்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. அவன் சின்னவன்."

தெரியுமா உனக்கு? தெரிந்துகொண்டேதான் அன்று ராத்திரி எனக்குச் சோறு போட்டாயா? மீனில் நடுத்துண்டை என் தட்டில் வைத்தாயே! நான் கத்தியதிலேயே சிறந்த தவளைச் சத்தம் என்று ஒரு வருஷமாகத் தெருப் பொடிப்பயல்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன், அக்கா. அது அம்மாவின் கேள்வி மேல் விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை களத்துமேட்டில் கூட்டம். மனுவைப் படித்து முடித்தார்கள். நடவுப் பெண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நான் விட்டால் இன்னொரு வருஷம் போய்விடும். கோவிந்தண்ணன் கூப்பிட்டார். எழுந்தேன். உன் நோட்டைப் பிரித்தேன்.

இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சத்தியம்தான் சொல்லியாக வேண்டும்.

வாயைத் திறந்தேன், பின்னாலிருந்து ஒரு தவளை கத்தியது. அச்சு அசலாக என் தவளை. நான்தான் அந்தப் பொடிப்பயல்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்திருந்தேன். கூட்டம் சிரித்தது. நோட்டை மூடினேன். உட்கார்ந்துவிட்டேன், அக்கா.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"கத்துறது கத்தட்டும். நான் பேசுறேன். கோவிந்தா, அவங்க பறிக்கிறாங்க, நாங்க நடுறோம். அவங்க குனிஞ்சா வேலை, நாங்க குனிஞ்சா மட்டும் என்ன? எம்பொண்ணு போன வருசம் கேட்டா. பதில் சொல்லாம சிரிச்சீங்க. இன்னிக்கிச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கோவிந்தண்ணன் மனுவையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். "எழுதுப்பா," என்றார் என்னைப் பார்த்து. எழுதினேன். அதுதான் நான் செய்த மொத்தப் புரட்சி. அந்த வரியில் ஓர் எழுத்துப்பிழையும் இருந்தது. கூட்டத்துக்கு வந்திருந்த லைப்ரரி சார் திருத்தினார்.

மிராசுதார் ஒத்துக்கொள்வாரா, தெரியாது. போன வருஷத்துத் தவளை நான்தான் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவளுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டப்போகிறேன். அடி விழுந்தால் வாங்கிக்கொள்கிறேன். அப்புறம் லைப்ரரிக்குப் போய், அந்த இரவல் நோட்டில் என் பெயரில் இருக்கும் புத்தகங்களைப் படித்தது யார் என்று சாரிடம் சொல்வேன். அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி எடுத்து வந்து, இந்தத் தடவை பிரிப்பேன். சத்தமாக, அம்மாவுக்கும் கேட்கும்படி.

இப்படிக்கு,
உன் புத்தகங்களைச் சுமந்த, உன் கேள்வியைக் கெடுத்த
தம்பி