சம்பந்தமில்லாத ஒருவர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உன் வேலை, உன் உடம்பு, மருமகள், குழந்தை எல்லாம் குறைவில்லாமல் இருக்கட்டும். அப்பா முன்பு மாதிரிதான் இருக்கிறார். ஆக்சிஜன் மெஷினைக் கூடத்து ஜன்னலோரம் மாற்றி வைத்திருக்கிறோம். அதன் சத்தம் இப்போதெல்லாம் எனக்குக் கேட்பதே இல்லை. நின்றால்தான் கேட்கிறது.

போனில் நீ அவசரத்தில் இருந்தாய். அதனால் முழுவதையும் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

ஊரின் மின்சாரப் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்று பொதுமக்களையே கேட்கப் போகிறார்கள், குலுக்கலில் என் பேரும் வந்திருக்கிறது என்றதும் என்னைவிட நீதான் சந்தோஷப்பட்டாய். "எங்க ஆபீஸ் உருவாக்கின முறைம்மா இது. சும்மா கை தூக்கிட்டுப் போற கூட்டமில்ல. விஷயத்தைக் கத்துக்கிட்டு முடிவு சொல்லணும். உன்னை மாதிரி ஆளுங்கதான் வேணும்" என்றாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் வகுப்பு. பொறியாளர்கள் வந்து படம் போட்டுக் காட்டினார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துவது ஒரு வழி. ஆற்றுக்கு நம் வீடு இருக்கும் இந்தப் பக்கம் முழுவதையும் மாலை ஆறிலிருந்து பத்து வரை நிறுத்திவிடுவது இன்னொரு வழி. ஆலைகளும் பெரிய ஆஸ்பத்திரியும் தண்ணீர் பம்புகளும் அந்தப் பக்கம். பம்புகளை அடிக்கடி நிறுத்திப் போட்டால் பழுதாகிவிடும் என்றார்கள். பாதிப் பேருக்குப் புரியவில்லை. என் சுபாவம் உனக்குத் தெரியுமே, எழுந்துவிட்டேன். மேட்டில் ஏற முடியாத பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி இரண்டிரண்டு பேரை இறக்கி ஏற்றினால் வண்டி படுத்துவிடும், பின்சீட்டுக்காரர்கள் ஒரே தடவையாக இறங்கி நடந்தால் ஏறிவிடும், முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் அதுதான் வித்தியாசம் என்றேன். குலுக்கலில் வந்த இன்னொருவர், பேக்கரிக்காரர், தொடையில் தட்டி, "இப்பப் புரிஞ்சுது டீச்சர்!" என்றார்.

வாக்கெடுப்பு நாளில் குழுத் தலைவியான வக்கீலம்மா ஒரு விதியை வாசித்தார். முடிவால் தன் வீட்டுக்குத் தனிப்பட்ட பாதிப்பு வரும் என்பவர்கள் கை தூக்க வேண்டும், அவர்கள் வாக்களிக்கக் கூடாது. நடுநிலை கெடுமாம். வாசிக்கும்போதே உன் எழுத்து நடை என்று கண்டுபிடித்துவிட்டேன். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆயுள் முழுவதும் பிள்ளைகளைப் பார்த்து "உண்மையைச் சொல்றவங்க கை தூக்குங்க" என்று கேட்டவளுக்குக் கை தானாக மேலே போய்விட்டது. சாயங்காலம்தான் வேலை சூடுபிடிக்கும் என்று தையல்காரரும் தூக்கினார். எங்கள் இருவரையும் வராந்தாவில் உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். உள்ளே பேக்கரிக்காரர் என் பஸ்ஸை மறுபடி ஓட்டுவது கேட்டது. சிரித்தார்கள்.

இரண்டாம் வழிதான் என்று ஒருமனதாக முடிவாயிற்று. வேறென்ன ஆகும்? வெளியே வந்து பேக்கரிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர், நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்" என்றார். கெட்டவர் இல்லை. வீட்டுக்கு பன் கொடுத்தனுப்பினார். தையல்காரர்தான் வழியெல்லாம், "நம்மகிட்டயே பாடம் கேட்டுட்டு நம்மளயே எறக்கி விட்டுட்டானுங்க பாருங்க" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

அதோடு விடவில்லை. நீங்கள்தான் எளிமையாகச் சொல்வீர்கள் என்று, நம் தெருவுக்கு முடிவை விளக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். விளக்கினேன். எல்லோரும் புரிந்துகொண்டு மெழுகுவத்தி வாங்கப் போனார்கள். அப்பாவுக்கும் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, "நல்லாத்தான் சொல்றே. நானா இருந்தாலும் அதுக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன்" என்றார்.

பேட்டரி கேட்டுப் பார்த்தேன். இந்த மெஷினை நாலு மணி நேரம் தாங்குவது கடையில் இல்லை, வர இரண்டு மாதம் ஆகுமாம். சிலிண்டருக்கும் வரிசை நிற்கிறது. ஆஸ்பத்திரியில் மாலைநேரம் மட்டும் படுக்கை கேட்டதற்கு, "தினம் ஆறு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போக இது லாட்ஜாம்மா?" என்றார்கள். பழகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை நானே மெஷினை நிறுத்திப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாகத் தொடங்கியதும் சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

"நான் எழுதின விதிய நானே மீறினா நாளைக்கு யாரும்மா மதிப்பாங்க?" என்று போனில் கேட்டாய். நியாயம்தான். மீற வேண்டாம். விதிக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவர் மனு கொடுத்தால் குழு மறுபடி கூட வேண்டுமாம். நாங்கள் கொடுக்க முடியாது, நஷ்டம். அக்கரைக்காரர்களும் முடியாது, லாபம். என் மகன் வெளியூரில் இருக்கிறான், அவன் கொடுக்கலாமா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். ரத்த சொந்தம், கூடாது என்றார். அவன் வீட்டுக்கு வந்து நாலு வருஷமாச்சு என்று சொல்லிப் பார்த்தேன். அது கணக்கில் வராதாம்.

ஆகவே உன் ஆபீஸில் எங்களைத் தெரியாத, எங்கள்மேல் பாசம் ஏதும் இல்லாத ஒருவர் இருந்தால், அவரிடம் சொல்லி நாலு வரி எழுதி அனுப்பச் சொல். அப்பாவைப் பற்றி மூச்சு விடாதே. தெரிந்துவிட்டால் அவர் மனுவும் செல்லாது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி நிறுத்துகிறார்கள்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். உனக்கும் வயதாகி, உன்னைப் பற்றி ஒரு அறையில் முடிவெடுக்கும் நாள் வந்தால், உன்மேல் பாசமுள்ள ஒருவரையாவது அந்த அறைக்குள் உட்கார விடட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா