கேட்காமல் திருப்பினேன், அண்ணா

என் ஏலு அண்ணாவுக்கு,

யாராவது தெருவில் 'பாப்பா' என்று கூப்பிட்டால் ஐம்பது வயதிலும் சட்டென்று திரும்பிப் பார்த்துவிடுகிற உன் தங்கச்சி எழுதுகிறேன். உன் வருஷத் திதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பேப்பரில் உன் படத்தைப் போட்டு நாலு வரி எழுதலாம் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு நாலு வரி போதாது. அதோடு, நான் சொல்ல வேண்டியதைப் படத்துக்குக் கீழே போடவும் முடியாது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

ஆஸ்டின் டவுனில் கோல்ஃப் மைதானத்துக்கு வேலைக்குப் போகிற எத்தனையோ பேரில் நீயும் ஒருவன். முப்பது வருஷம் கேடி வேலை. மற்றவர்களின் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு, பந்து எங்கே விழுந்தது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடக்கிற வேலை. திங்கட்கிழமைகளில் மட்டும் கேடிகளுக்கு ஆட அனுமதி. அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளும் நீ இருந்தாய் என்று அண்ணி சொல்வார்கள். புகாராகத்தான் சொல்வார்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் உன் சட்டையை மட்டும் இஸ்திரி போட்டு வைத்திருப்பார்கள்.

நான் வேலை பார்ப்பது பந்து அடித்துப் பழகும் ரேஞ்சில், கடைப் பகுதியில். பில் போடச் சேர்ந்தேன். பிறகு மெஷினைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பந்து எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறது, எவ்வளவு உயரம் போகிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்று திரையில் காட்டும். அதைப் பார்த்து ஆளுக்குத் தகுந்த மாதிரி டிரைவரைச் சரிசெய்து கொடுப்பேன். டிரைவர் என்றால் முதல் அடிக்கு எடுக்கிற, பெரிய தலையுள்ள, நீளமான மட்டை. ஒரு நாள் நான் வீட்டில் போனில் "டிரைவர் தலையைக் கழட்டி வெச்சிருக்கேன், நாளைக்கு மாட்டிடுறேன்" என்று சொன்னதைக் கேட்டு எதிர்வீட்டு அம்மா கதவைச் சாத்திக்கொண்டதைச் சொல்லிச் சொல்லி நீ எத்தனை நாள் சிரித்தாய்!

சிரிப்பாய், ஆனால் என் வேலையை மதிக்க மாட்டாய். "ஸ்க்ரூவத் திருகி பந்த நேரா அனுப்புறவன் ஆட்டக்காரனா? கை சரியா இருந்தா குச்சி எதுவா இருந்தா என்னா?" என்பாய். வெளிநாட்டுக்குப் போன ஒரு ஐயா உனக்குக் கொடுத்துவிட்டுப் போன டிரைவரும் அப்படித் திருப்பி வைக்கிற வகைதான். தலையும் தண்டும் சேரும் கழுத்தில் ஒரு வளையம், அதில் சின்னச் சின்ன எண்கள். எண் ஏற ஏற பந்து உயரமாகக் கிளம்பும். நீ ஒன்பதிலேயே வைத்திருந்தாய். ஒன்பதில் அடிக்கக் கையில் வேகம் வேண்டும். உனக்கு இருந்தது.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தாயே, அதற்கு முன்னால்.

இடது தோளில் ஆபரேஷன். மூன்று மாதம் வீட்டில் இருந்தாய். பிறகு பையைத் தூக்க முடியாமல் டிராலி தள்ளினாய். திங்கட்கிழமை மட்டும் விடவில்லை. மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது இடது கை மார்பைத் தாண்டிக் குறுக்கே போக வேண்டும். உனக்குப் பாதியிலேயே நின்றது. பந்து தாழ்வாகக் கிளம்பி வலது பக்கம் வளைந்து மரங்களுக்குள் போனது. "இன்னைக்கு காத்து" என்றாய். அடுத்த வாரம் "ஷூ வழுக்குது" என்றாய்.

அப்போதுதான் கைப்பிடி ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்றிக் கொடு என்று மட்டையை என்னிடம் கொடுத்தாய். ரப்பரை மாற்றினேன். அதோடு ஸ்க்ரூ திருகும் சாவியை எடுத்து, கழுத்தைக் கழற்றி, ஒன்பதைப் பதினொன்றுக்குத் திருப்பினேன். பின்பக்கம் இருக்கும் எடைத் துண்டையும் தண்டுக்குக் கிட்டே இருக்கும் குதிப் பக்கம் நகர்த்தினேன், பந்து வலது பக்கம் ஓடாமல் இருக்க. கண்ணாடி இல்லாமல் அந்த எண்ணை உன்னால் படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நீ கண்ணாடி போட்டு ஆட மாட்டாய் என்பதும் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. "பாப்பா! பழைய கை வந்துடுச்சும்மா! பதினாலு அடில பன்னெண்டு நேரா போச்சு!" அன்று சாயங்காலம் மைசூர்பாகு பெட்டியோடு ஒக்கலிபுரத்துக்கு என் வீடு வரைக்கும் வந்தாய். உன் சந்தோஷத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். மைசூர்பாகைத்தான் சாப்பிட முடியவில்லை.

சொல்லியிருக்கலாமா, அன்றைக்கே? சொன்னால் நீ உடனே பழையபடி வைக்கச் சொல்வாய், மறுபடி மரத்துக்குள் அடிப்பாய் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இன்று யோசித்தால் அதுவும் முழு உண்மையாகத் தெரியவில்லை. நான்தான் உன்னைத் தூக்கி நிறுத்தினேன் என்கிற ஒரு ரகசியப் பெருமை எனக்கு இருந்தது.

கேடிகளுக்குள் நடக்கும் போட்டி அந்த வருஷம் வந்தது. நாலாவது குழிக்கு நீ அடித்துவிட்டு நின்றபோது உன் கூட்டாளி ஸ்டீபன் அண்ணன் மட்டையை வாங்கிப் பார்த்தார். அவர் கண்ணாடி போட்டிருந்தார். "ஏலு, ஒம்போதுலதான் ஆடுறேன்னு சொல்லிட்டிருப்பியே, இது பதினொன்னுல நிக்குது?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் சுற்றி நின்றவர்களில் யாரோ, "தங்கச்சி கை வெச்சிருப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் திருப்பி வைப்பதில் தப்பே இல்லை. ஆட்டத்தின் நடுவில் மாற்றத்தான் கூடாது. ஆனாலும் நீ டிரைவருக்கு உறையை மாட்டிப் பையில் போட்டாய், பிறகு வெளியே எடுக்கவே இல்லை. மீதிக் குழிகளைச் சின்ன மட்டைகளாலேயே ஆடி முடித்தாய். கடைசி ஆளாக வந்தாய்.

நேராக என் வீட்டுக்கு வந்து மட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாய்.

"யாரு திருப்புனது?"

"நான்தான்ணா."

"எப்போ?"

"ரப்பர் மாத்தக் குடுத்தியே, அப்போ."

"அப்ப நான் அடிச்சதெல்லாம்?"

'நீ அடித்ததுதான்' என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை.

"என் கை போச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நாலு பேரு சிரிக்க நான் தெரிஞ்சிக்கணுமா?" என்றாய். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஐந்து வாரம் நீ பேசவில்லை. அண்ணி மட்டும் கருவாட்டுக் குழம்போடு வந்து, "அவரு அனுப்பல, நானாத்தான் கொண்டாந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை காலையில் நீ ரேஞ்சுக்கு வந்தாய். இஸ்திரி போட்ட சட்டை. எனக்கு முன்னால் இரண்டு ஐ.டி. ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றாய். உன் முறை வந்ததும், "மொதல்ல பழையபடி ஒம்போதுல வை" என்றாய். வைத்தேன். பத்துப் பந்து அடித்தாய். பத்தும் வலது பக்க வலையில் போய் விழுந்தன. ஒவ்வொன்றையும் கடைசி வரை நின்று பார்த்தாய்.

"செரி. இப்ப நான் கஸ்டமரு. மத்தவங்களுக்கு எப்டிப் பண்ணுவியோ அப்டிப் பண்ணு."

"மொதல்ல சில கேள்வி கேப்பேன்."

"கேளு."

"ஒடம்புல எங்கனா வலி இருக்கா?"

நாள் முழுக்க எத்தனையோ பேரிடம் கேட்கிற கேள்வி. உன்னிடம் கேட்டதே இல்லை. நீ வலைப் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய். "தோளுல. மேல தூக்குனா ஊசி ஏத்துற மாதிரி இருக்கு. சட்டை போடுறப்ப உங்கண்ணிதான் கைய நுழைச்சி வுடுறா."

எனக்குத் தெரியாது, அண்ணா. உன் பந்து எத்தனை டிகிரி வளைகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. உன் சட்டையை யார் மாட்டிவிடுகிறார்கள் என்று தெரியவில்லை.

பிறகு இரண்டு மணி நேரம் வேலை செய்தோம். நான் ரகசியமாக வைத்த பதினொன்று உண்மையில் உனக்குச் சரியே இல்லை என்று அன்றுதான் திரையில் பார்த்தேன். பந்து நேராகப் போனது, ஆனால் வானத்துக்குப் போனது. இருபது கஜம் வீணானது. "கொக்கு சுடுறதுக்கா வெச்சே?" என்றாய். ஐந்து வாரத்துக்குப் பிறகு உன் முதல் கிண்டல். பத்தில் வைத்தோம். எடைத் துண்டு குதிப் பக்கமே இருக்கட்டும் என்று முடிவானது. பிடியை ஒரு அங்குலம் கீழே பிடிக்கச் சொன்னேன். "வலது பாதத்த வெளிப்பக்கம் கொஞ்சம் திருப்பி நிக்கட்டா? இடுப்பு திரும்புனா தோளுக்கு வேலை கொறையும்" என்று நீ கேட்டாய். அது எந்த மெஷினும் சொல்லாதது. அடுத்த பந்து தாழாமல், பறக்காமல், நடுவில் போனது. கடைசியாகச் சாவியை என்னிடமிருந்து வாங்கி நீயே இறுக்கினாய், 'டக்' என்று சத்தம் வரும்வரை.

அதற்குப் பிறகு உனக்குப் பத்து மாதம் கிடைத்தது. யார் கேட்டாலும் நீயே முந்திக்கொண்டு, "பத்துல ஆடுறேன்ப்பா, தோளு போச்சு" என்று சொல்வாயாம். ஸ்டீபன் அண்ணன் சொன்னார். ஒரு திங்கட்கிழமை காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. நெஞ்சு. அண்ணி அடுப்படியிலிருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

உன் டிரைவரை ஸ்டீபன் அண்ணன் கேட்டார், கொடுத்துவிட்டோம். அவருக்குப் பத்து பொருந்தவில்லை. நான்தான் ஒன்பதுக்குத் திருப்பினேன். அழுவேன் என்று நினைத்தேன், அழவில்லை. அவர் முழங்கால் வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார், அதைக் கேட்கவே நேரம் சரியாக இருந்தது.

இப்போது எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். அண்ணியைப் பற்றி.

உன் மகள் ஓசூருக்குக் கூப்பிட்டாள், அண்ணி போகவில்லை. ஆஸ்டின் டவுன் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒக்கலிபுரத்தில் எங்களோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். பின்பக்க அறையை ஒழித்தேன். கட்டில் வாங்கிப் போட்டேன். அண்ணியின் வீட்டு ஓனரிடம் போய், இந்த மாதத்தோடு காலி செய்துவிடுவார்கள் என்று சொல்லியும்விட்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவங்களக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க."

சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. மேசைமேல் நீ மட்டையை வைத்துவிட்டு நின்றது போல் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலு காய் எடுத்து நார் உரித்தேன். "அண்ணி, உங்களுக்கு இங்க என்னா கஷ்டமா இருக்கு?" என்றேன்.

இன்னும் நாலு காய் நறுக்கினார்கள். பிறகு, "தண்ணிதான்" என்றார்கள். "கீழ இருந்து கொடத்துல தூக்கியாரணும். இடுப்பு புடிச்சிக்குது."

"வேற?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு அவரு படி ஏறுற சத்தம் வராது. அதுக்கு உங்க வூட்டுக்கு வந்தாலும் மருந்து கெடையாதும்மா. இங்கன்னா அந்தப் படியாவது இருக்குது."

ஓனரிடம் பேசியதை அப்போது சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்கள். முகம் சிவந்துவிட்டது. "அண்ணனுக்குப் பண்ணுன அதே வேலையத்தான் எனக்கும் பண்ணியா?" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நறுக்கின காயை மூடி வைத்துவிட்டு, "எழுந்திரு, வா, ரெண்டு பேருமே போயி சொல்லிட்டு வருவோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். ஓனரம்மா கன்னடக்காரர், நல்ல மனுஷி. அண்ணி கன்னடத்திலேயே, தான் எங்கும் போகவில்லை என்று சொன்னார்கள். மேலே குழாய் போட்டுக்கொள்ளவும் கேட்டார்கள். அவர் சரி என்றுவிட்டார்.

சனிக்கிழமை பிளம்பர் வருகிறார். குழாயை எந்த உயரத்தில் வைக்கட்டும் என்று நேற்று போனில் கேட்டார். எனக்குத் தெரியும் என்றுதான் வாயெடுத்தேன். பிறகு, அண்ணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கோபம் உனக்குக் கடைசிவரை கொஞ்சம் மிச்சம் இருந்ததா, அண்ணா? நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் அது ஒன்றுதான் இனி கேட்க முடியாதது. மற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களை முதலில் கேட்பேன், பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அதற்குப் பிறகுதான் எதிலும் கை வைப்பேன். அண்ணியை ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன் பாப்பா,
உன் கூடப் பிறந்த தங்கை,
வசந்தி