பந்து மேலே போய் வரட்டும்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று சலவைக்கூடத்தில் விரிப்புகள் அதிகம். ஓட்டலில் ஏதோ மாநாடு முடிந்ததாம், எல்லா அறையும் ஒரே காலையில் காலி. வெளுத்து, காய்ந்து, சூடு ஆறாமல் வண்டி வண்டியாக வந்து விழுந்தது. மடிப்பது இரண்டு ஆள் வேலை. கூட வேலை பார்க்கிற நெட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்ததும், கீழே தொங்குகிற மடிப்பை ஒருத்தி குனிந்து எடுக்க வேண்டும். மாற்றி மாற்றிக் குனிவதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர் தவறியதிலிருந்து, மூன்று மாதமாக அவளே குனிகிறாள். அவள் உயரத்துக்கு அது ஒட்டகம் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறது. நானும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்றேன். யாரிடம் சொன்னேன்? பழக்கம்.

பிப்ரவரி 12, வியாழன்

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பஸ் எஞ்சினையே பிரித்துப் பூட்டுகிற மனுஷன், குழாயை மட்டும் "ஞாயித்துக்கிழமை பாக்கறேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மைதானத்துக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் மீட்டரும் குடை அக்காவும் வந்தார்கள். இரண்டு பேரும் அவரோடு மைதானத்துக் கேலரியில் கடைசி வரிசையில் உட்காருகிறவர்கள். மீட்டர் டாக்சி ஓட்டுகிறவர், வண்டி நின்றாலும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயர். அக்காவுக்கு வெயிலோ மழையோ கையில் குடை உண்டு. கேலரிக் கூரையில் ஓட்டை சரியாக அவள் தலைக்கு நேரே இருக்கிறதாம். இடம் மாறி உட்காரலாமே என்றால், "என் இடம் அது" என்பாளாம்.

மீட்டர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "அண்ணி, கிழவன் வர்றான்."

கிழவன் என்பது ஒரு கால்பந்தாட்டக்காரர். ஒரு காலத்தில் உலகம் முழுக்கச் சுவரில் அவர் படம் இருந்ததாம். கால் ஓய்ந்த பிறகு கடைசி இரண்டு வருஷம் நம் ஊர்ச் சின்ன கிளப்புக்கு வந்து ஆடினார். முப்பத்தெட்டு வயசு, முழங்காலில் இரண்டு தடவை ஆபரேஷன். "கிழவன்னு நாங்க சொல்லலாம். வெளியாள் சொன்னா பல்லு இருக்காது" என்பார் என் வீட்டுக்காரர். கிழவர் இங்கிருந்து போய் ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது அவருக்கு நன்றி சொல்ல ஒரு ஆட்டம் வைக்கிறார்களாம், மார்ச் முதல் தேதி. பழைய ஆட்கள் எல்லாம் வந்து ஆடுவார்களாம்.

அதற்கு நான் எதற்கு? அதைத்தான் கேட்டேன்.

அப்போது அக்கா அந்தப் பந்து விஷயத்தைச் சொன்னாள். எனக்குத் தெரிந்ததுதான், அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கிழவருக்குக் கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். பெரிய மைதானங்களில் பந்து வெளியே போனால் உடனே வேறு பந்து வருமாம். இங்கே அதெல்லாம் கிடையாது, கேலரிக்குள் விழுந்த பந்து திரும்பி வந்தால்தான் ஆட்டம். அதனால் இவர்கள் என்ன செய்வார்கள் என்றால், விழுந்த பந்தைக் கீழே எறிய மாட்டார்கள். கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். "பந்து மேலே போய் வரட்டும்" என்று ஒரே குரலாகச் சொல்வார்கள். கடைசி வரிசையில் கடைசிக் கை இவருடையது. டயரில் காற்று பார்க்கிற மாதிரி பந்தை அழுத்திப் பார்ப்பார், காதில் வைத்துக் கேட்பார். ரெஃப்ரி விசில் ஊதிக்கொண்டே இருப்பார். கீழே கிழவர் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கி, நிமிர்ந்ததும் ஒரு கையைத் தூக்குவார். அப்புறம்தான் பந்து இறங்கும்.

"கடைசிக் கை இல்லாம எப்படிம்மா?" என்றாள் அக்கா. "அவர் சீட்டு இந்த வருஷம் முடியறவரைக்கும் இருக்கு. நீ வந்து உக்காரு."

"எனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாதுக்கா."

"எனக்கு மட்டும் தெரியுமா? பதினெட்டு வருஷமா கத்திட்டிருக்கேன்."

சிரிப்பு வந்தது. ஆனாலும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

ஏன் வரவில்லை என்று அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எனக்குக் கோபம்.

நுரையீரல் கெட்டுப்போச்சு, மாடிப்படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் என் எதிர்லதான் சொன்னார். இந்த வீட்டையே அதுக்காகத்தான் தரைத்தளத்துல பாத்து வந்தோம். அந்த மனுஷன் வாரா வாரம் கேலரி உச்சிக்கு ஏறியிருக்கார். கடைசி மாசம் வரைக்கும். இவங்க கூட்டிட்டுப் போனாங்க. கூடப் போனவங்களுக்குக் கண்ணு இல்லையா? ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து சொல்லலையே. பந்துதான் பெருசாப் போச்சு.

திரும்பி வந்தால் சிரித்த முகமாக இருப்பார். "மீட்டருக்கு வயசாயிடுச்சு, படியில பாதியில நின்னு லேஸ் கட்டறான்" என்று சொல்லி, சிரித்துச் சிரித்து இருமுவார். நான் தண்ணீர் கொடுப்பேன்.

மீட்டர் இவரைவிடப் பத்து வயது சின்னவர்.

பிப்ரவரி 20, வெள்ளி

மகள் போன் செய்தாள். கிழவர் வருகிற செய்தி அவள் ஊருக்கும் போயிருக்கிறது. அந்தத் தோற்றுப்போன ஆட்டத்தை ஞாபகப்படுத்தினாள்.

கிழவரின் கடைசி ஆட்டம் அது. ஒரு கோல் போட்டால் கிளப் தப்பிக்கும், இல்லாவிட்டால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். முடிகிற நேரம். அவசர அவசரமாக ஆடவேண்டியது நம் ஆட்கள்தான். பந்து கேலரியில் வந்து விழுந்தது. இவர்கள் இரண்டு வருஷப் பழக்கத்தில், யோசிக்காமல், மேலே அனுப்பிவிட்டார்கள். இவர் வாங்கி, அழுத்தி, காதில் வைத்துக் கேட்டிருக்கிறார். அப்போதுதான் யாரோ "அய்யய்யோ, நாமதான் தோத்துட்டிருக்கோம்" என்றானாம். பந்து இறங்குவதற்குள் விசில் ஊதிவிட்டது.

மைதானமே வாயடைத்துப் போயிற்றாம். கிழவர் மட்டும் புல்லில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு பூட்சைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கேலரி வேலிவரை வந்து, நம் மொழியில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னார். நன்றி.

"அப்பா அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டார்மா. தோத்துட்டோம் தோத்துட்டோம்னு சொல்லிட்டே சாப்பிட்டார்" என்றாள் மகள்.

ஞாபகம் இருக்கிறது. நான்தான் பரிமாறினேன்.

பிப்ரவரி 23, திங்கள்

வேலை முடிந்து நேராக டாக்சி ஸ்டாண்டுக்குப் போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. மீட்டர் வண்டிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

மீட்டர் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார். துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"தெரியும் அண்ணி. அண்ணன் சொல்லல. அவர் டெப்போவுல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம்."

"தெரிஞ்சுமா?"

"வராதீங்கன்னோம், கேக்கல. கீழ் வரிசையில உக்காருங்கன்னோம், 'மேல யாரு வாங்குவா'ன்னாரு. உங்ககிட்ட சொல்லிடுவோம்னு மிரட்டினோம். 'சொன்னா நிறுத்திடுவா, நிறுத்தினா நான் வீட்டுல உக்காந்து மூச்சை எண்ணிட்டிருப்பேன், அது வேணாண்டா'ன்னாரு. அப்புறம் நாங்க என்ன அண்ணி பண்றது? மெதுவா ஏறினோம்."

எப்படி ஏறினார்கள் என்று சொன்னார். ஆட்டம் ஆரம்பிக்க ரொம்ப நேரம் முன்பே வந்துவிடுவார்களாம். முதல் திருப்பத்தில் மீட்டர் குனிந்து லேஸ் கட்டுவார். அடுத்த திருப்பத்தில் அக்காவின் குடை கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொள்ளும், எடுக்க வராது. அதற்கு மேலே போன வாரத்து ரெஃப்ரியைப் பற்றி இரண்டு பேரும் நின்று சண்டை போடுவார்கள், இவரைப் பஞ்சாயத்துக்கு வைத்து. இவருக்கு மூச்சு திரும்பியதும் சண்டை தீர்ந்துவிடும்.

"அண்ணன் ஒரு தடவைகூட முதல்ல நின்னதில்ல அண்ணி. எப்பவும் நாங்கதான் முதல்ல நிப்போம்."

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காலில் ரப்பர் செருப்பு. எப்போது பார்த்தாலும் அதுதான்.

"உங்களுக்கு ஏது லேஸு?"

அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவை பார்க்கிற மாதிரி.

"முதல் நாள் ஷூ போட்டிருந்தேன் அண்ணி. அப்புறம் அப்படியே பழகிப்போச்சு. அண்ணன் ஒருநாளும் கேக்கலையே."

பிப்ரவரி 24, செவ்வாய்

வேலையில் மனசு நிற்கவில்லை. "லேஸ் கட்டறான்" என்று சிரித்துச் சிரித்து இருமினாரே. செருப்புக் காலுக்கு லேஸ் கட்டுகிறவனைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

தெரிந்திருக்கிறது. முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரியாத மாதிரி நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். அவர்களும் தெரியாத மாதிரி குனிந்தார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லியும்விட்டார், எனக்குத்தான் புரியவில்லை.

கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன். ஏதோ கொஞ்சம் இருக்கிறது. என்னிடம் சொல்லியிருக்கலாம், அந்த அளவுக்கு இருக்கிறது. மற்றதெல்லாம் எங்கே போயிற்று?

நல்ல ஆட்கள் நடுவில் இருந்திருக்கிறார்.

மீட்டருக்குப் போன் செய்து வருகிறேன் என்றேன். அழுதுவிடுவார் என்று பயந்தேன். "அண்ணி, தொப்பி எடுத்துக்கங்க, வெயில் மூஞ்சியில அடிக்கும்" என்றார்.

மார்ச் 1, ஞாயிறு

போய் வந்தேன்.

அந்தப் படிகள் செங்குத்து. எனக்கு மூச்சு வாங்கவில்லை, நின்று வேலை பார்த்த உடம்பு. ஆனால் முதல் திருப்பத்தில் மீட்டர் குனிந்தார். ரப்பர் செருப்புதான். நானும் நின்றேன். அடுத்ததில் குடை மாட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் கை பிடித்துப் பிடித்து வழுவழுப்பாகியிருக்கும் என்று நினைத்து அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். எல்லார் கையும் பட்டுத்தான் வழுவழுப்பாகியிருக்கிறது.

அவர் இடம் கடிகாரத் தூணுக்குக் கீழே. உட்கார்ந்தால் மைதானம் முழுக்கத் தெரிகிறது, அதற்கு அப்பால் பஸ் டெப்போவின் தகரக் கூரையும் தெரிகிறது. சொன்னதே இல்லையே என்று நினைத்தேன். எத்தனைதான் சொல்வார்.

கிழவர் வந்தார். தொந்தி போட்டிருக்கிறார். சட்டை வயிற்றில் பிடிக்கிறது. கேலரியே எழுந்து நின்றது. கோலுக்கு நேரே, கோல்கீப்பர் வேண்டுமென்றே விலகி நின்ற இடத்தில், பந்தை வெளியே அடித்தார். "அப்ப மாதிரியே ஆடறான்யா" என்று ஒருவர் சொல்ல, எங்கள் வரிசையே சிரித்தது. அந்த இரண்டு வருஷத்தில் அவர் போட்ட கோல் ஒரு கையில் அடங்குமாம். அவரைக் கோலுக்காக யாரும் பார்க்கவில்லை என்று அக்கா சொன்னாள். "அவ்ளோ பெரிய ஆளு, நம்ம சேத்துல, நம்ம பசங்களோட விழுந்து எந்திரிச்சான். முடியலைன்னு எங்களுக்கு முன்னாடி மூச்சு வாங்கினான். அதை மறைக்கல பாரு." அப்படிச் சொல்லிவிட்டு எதையோ நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கிழவர் முழங்காலில் கை ஊன்றிவிட்டார். உடனே யாரோ பந்தை ஓங்கி எங்கள் பக்கம் அடித்தார்கள். தவறி வந்த மாதிரி தெரியவில்லை.

"பந்து மேலே போய் வரட்டும்."

கை, கை, கை என்று ஏறி வருகிறது. எவ்வளவு நேரம் வைத்திருப்பது? எனக்குக் காற்றுப் பார்க்கத் தெரியாது. மீட்டர் வாங்கி என் மடியில் வைத்தார். ஈரமாக இருந்தது, புல் ஒட்டியிருந்தது. அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பையில் இருந்த துண்டை எடுத்துத் துடைத்தேன். ஒரு பக்கம் துடைத்து, திருப்பி மறுபக்கம் துடைத்து, தையல் இடுக்கில் இருந்த மண்ணையும் எடுத்தேன்.

"அண்ணி துவைச்சு, காயவெச்சுத்தான் குடுப்பாங்க போல" என்று கீழ் வரிசையில் ஒருவர் சொன்னார். விசில் ஊதிக்கொண்டே இருந்தது. ஊதட்டும் என்று இருந்தேன். கீழே பார்த்தேன். குனிந்தே இருக்கிறார். இன்னும் கொஞ்சம் துடைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாளும் இப்படித்தான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த மூச்சு வரட்டும் என்று. அங்கே என் கையில் ஒன்றுமே இல்லை.

கிழவர் நிமிர்ந்தார். கடைசி வரிசையைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். என்னையா, இவர் இருந்த இடத்தையா, சும்மா பழக்கமா, தெரியாது. நான் பந்தைக் கீழே கொடுத்தேன்.

அப்போதுதான் அழுதேன். அக்கா குடையை விரித்து என்னை மறைத்துக்கொண்டாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

மார்ச் 2, திங்கள்

விரிப்பு மடிக்கும்போது நான் குனிந்தேன்.

"என்னக்கா, என் முறைதானே?" என்றாள் நெட்டை.

"மூணு மாசமா உன் முறை முடியவே இல்லையாடி?"

விரிப்பை இழுத்துப் பிடித்தாள். கொஞ்சம் அதிகமாகவே இழுத்தாள், தடுமாறினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 7, சனி

குழாய்க்கு ஆள் கூப்பிட்டுச் சரி பண்ணியாயிற்று. சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போல் இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

இன்று சும்மா ஒரு ஆட்டம். கூட்டம் இல்லை, தூறல். நாம்தான் தோற்றோம். ஆஃப்சைடு இன்னும் புரியவில்லை. அடுத்த வருஷத்துக்கும் அந்த இடத்தை என் பெயரில் போடச் சொல்லிவிட்டேன்.

ஏறும்போது குடை அக்கா குடையை ஊன்றி ஊன்றி ஏறுவதைப் பார்த்தேன். முதல் திருப்பத்திலேயே மூக்கால் மூச்சு விட முடியாமல் வாயைத் திறந்துவிட்டாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

"இருங்கக்கா, லேஸ் அவுந்துடுச்சு" என்று சொல்லிக் குனிந்தேன்.

மீட்டர் என் காலைப் பார்த்தார். நான் போட்டிருந்தது செருப்பு. உடனே கம்பியில் சாய்ந்து, போன வாரத்து ரெஃப்ரியைத் திட்ட ஆரம்பித்தார்.