நாலாவது அடி

கருமாதிப் பத்திரிகையில் அச்சு மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டுகிறது. உங்கள் பெயருக்கு முன்னால் ‘வெண்பா வேந்தர்’ என்று போட்டிருக்கிறார்கள். காலையில் உங்கள் மனைவிதான் ஆள்விட்டுக் கொடுத்தனுப்பினார், போனிலும் கூப்பிட்டார். “அக்கா, படத்திறப்புல வாசிக்க ஒரு இரங்கல் வெண்பா எழுதிக் குடுங்க. அவருகூட வேலை பார்த்தவங்க நீங்கதானே” என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. சரி என்றேன்.

அரியலூர் ஆபீசில் மதியச் சாப்பாடு முடிந்ததும் டிபன்பாக்ஸைக் கழுவிவைத்துவிட்டு என் மேசைக்கு வருவீர்கள். வெண்பாவுக்கு நாலு அடி. முதல் மூன்று உங்களுக்குத் தண்ணீராக ஓடும். கடைசி அடி குட்டை, மூன்றே சீர். பாட்டு அதில்தான் உட்கார வேண்டும். “மூணு அடி ஓடுது, நாலாவதுல வண்டி நின்னுடுதுங்க” என்பீர்கள். அந்த அடியை எழுதி நான் தள்ளிவிடுவேன். அப்படியே முப்பது வெண்பா சேர்ந்தது. ஜெயங்கொண்டத்தில் கவியரங்கம் என்றார்கள். மேடையேற என் வீட்டில் விடவில்லை. “நான் வாசிக்கிறேன். ரெண்டு பேர் பேரையும் சொல்லிடுறேன், கவலைப்படாதீங்க” என்றீர்கள்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பதும் முடிந்தது, என் பெயர் வரவில்லை. உங்களுக்குப் பொன்னாடை போர்த்திய தலைவர், ஈற்றடி மட்டும் எப்படி இவ்வளவு அழகாக விழுகிறது என்று கேட்டார்.

“தூக்கத்துல வருமுங்க.”

சபை சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

அடுத்த பொங்கலுக்கு அரியலூரிலேயே உங்களுக்கு மேடை. சபையில் ஒருவர் ஈற்றடி கொடுப்பார், கவிஞர் அதற்கு மேலே மூன்று அடி கட்டுவார், அதுதானே வழக்கம். கேட்டவர்களுக்கெல்லாம் வெளுத்துக் கட்டினீர்கள். வீட்டில் என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று எழுந்தேன். “எல்லாரும் கடைசி அடி குடுத்தாங்க. நான் முதல் மூணு அடி தரேன். கடைசி அடி மட்டும் நீங்க சொல்லுங்க.”

பொன்னேரி வற்றிப் புழுதி பறக்கையில்
என்னூரார் வானத்தை ஏசுவார் - முன்னிருந்த
நீரெல்லாம் தம்வயற்கே பாய்ச்சியவர் நெஞ்சறியும்

“சின்ன அடிதானே சார், சொல்லுங்க” என்றது பின்வரிசை. பொன்னாடையால் முகத்தைத் துடைத்தீர்கள். “தொண்டை கட்டிடுச்சு” என்று உட்கார்ந்துவிட்டீர்கள். அதன்பிறகு நீங்கள் மேடை ஏறவில்லை, என்னோடு பேசவும் இல்லை. நான் செய்தது அதிகம் என்று ஆபீசில் சிலர் சொன்னார்கள். எனக்கு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாதாம். நீங்கள் செத்ததால் என் முப்பது அடியும் எனக்குத் திரும்பி வந்துவிடவில்லை.

இரங்கல் வெண்பாவுக்கு மூன்று அடி எழுதியாகிவிட்டது. நன்றாகவே வந்திருக்கிறது. நாலாவது அடியும் வந்துவிட்டது. அது என்னோடு இருக்கும், காகிதத்தில் ஏற்றமாட்டேன். அந்த இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். இப்போதுதான் உங்களுக்கு நல்ல தூக்கமாயிற்றே.