அயோடின் விழுங்குமுன்

கேட்டி, டெக்சஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கலாவதிக்கு,

அப்பா கந்தசாமி எழுதுவது. ஜெர்சி சிட்டியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் சின்ன முதலாளியும் சுகம்தானே? போனில் பேசினால் நீ அழுவாய், நான் ஜோக் அடிப்பேன், விஷயம் அப்படியே நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

தைராய்டு ஆபரேஷன் காயம் ஆறிவிட்டது. ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சப் புற்றுநோய்க்கு அடுத்த வாரக் கடைசியில் கதிரியக்க அயோடின் தருகிறார்கள். போன மாதமே முடிந்திருக்க வேண்டியது. அயோடின் உப்பு கூடாது என்றார்கள். உன் அண்ணி உப்பை மாற்றித்தான் சமைத்தாள். நான்தான் ஊறுகாயை உப்புக் கணக்கில் சேர்க்காமல் வெளுத்துக்கட்டினேன். உடம்பில் அயோடின் கூடிவிட்டதைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிட்டது, சிகிச்சை தள்ளிப்போனது. இப்போது சிகிச்சை உன் வளைகாப்பில் வந்து மோதுகிறது. அம்மா இல்லாத வளைகாப்பில் அப்பாவாவது உட்கார்ந்திருக்க வேண்டும். அதையும் கெடுத்தாயிற்று.

அறிவியலில் உன் அப்பா வாங்கிய மார்க் ஊரறியும். டாக்டரம்மா சொன்னதில் மண்டையில் ஏறியது இவ்வளவுதான். சில அணுக்கள் நிலைகொள்ளாதவை. கதிரை வீசித்தான் அடங்கும். இந்த அயோடின் எட்டு நாளில் பாதியாகும், அடுத்த எட்டில் அந்தப் பாதியிலும் பாதி. தைராய்டு செல் அயோடினைக் கண்டால் விடாதாம். இழுத்துக்கொண்டு, அந்தக் கதிராலேயே சாகும். ஆனால் கதிர் என் உடம்போடு நிற்காது. கிட்டே இருப்பவர் மேலும் படும். வியர்வை, எச்சிலிலும் மருந்து வரும். அதனால் சில நாள் நான் மாடி அறையில் தனியாக அடைந்துகிடக்க வேண்டும். உன் பிள்ளைக்கும் இப்போது குட்டித் தைராய்டு இருக்கும் கலா. அதுவும் அயோடினை இழுக்கும்.

இங்கே வர டிக்கெட் போட்டுவிட்டாய் என்று உன் அண்ணன் கவின் சொன்னான். கதவுக்கு வெளியே உட்கார்ந்தாவது அப்பாவைப் பார்த்துக்குவேன் என்றாயாம். நான் ஒரு தரம் இருமினால் கதவு திறந்துவிடும். உன்னைத் தெரியாதா எனக்கு?

அண்ணி, குழந்தை அனன்யாவைக் கூட்டிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போகிறாள். கவின் மாடிப்படியில் சாப்பாடு வைப்பான். தாத்தா, வில் யூ க்ளோ, இருட்டில் மினுங்குவீர்களா என்று கேட்கிறாள் பேத்தி. இந்த மூஞ்சிக்கு அப்படியாவது தேஜஸ் வரட்டும் என்றேன். நோய் இந்த மருந்துக்குக் கேட்குமா என்று மட்டும் டாக்டரம்மாவிடம் நான் கேட்கவில்லை.

முதல் வளையலை உன் மாமியார் கையால் போட்டுக்கொள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பு அம்மாடி. அதைப் பார்த்த பிறகுதான் மாத்திரையை விழுங்குவேன். பிரசவம் நல்லபடியாக முடிந்து இரண்டு உயிராக வாருங்கள். அந்தப் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்றுதான் இப்போது யாரையும் தொடாமல் இருக்கச் சம்மதித்திருக்கிறேன்.

தள்ளி நின்றே ஆசீர்வதிக்கும்,
அப்பா