கம்பெனி பேருக்கு ஓர் அர்ச்சனை

பழநி

அன்பு மகன் குமரகுருவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கக் கை வருகிறது, மனசு வரவில்லை. போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கம்பெனியின் முதல் கரண்டு கார் வெள்ளிக்கிழமை வெள்ளனே நம் கடை வாசலுக்குப் பூஜைக்கு வந்தது. நீ சொன்னபடி எலுமிச்சை, பூசணி, மாலை எல்லாம் நானே எடுத்துக் கொடுத்தேன். உன் ஆபீஸ்காரர்கள் கேமராவும் கையுமாக நின்றார்கள். பூசாரி சூடத்தைக் காட்டி முடித்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்கப்பா என்று சொல்லிவிட்டு உறுமல் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பண்ணியாச்சு சாமி என்றார்கள். அவர் நம்பவில்லை, தட்டைத் தரையில் வைத்துவிட்டு வெற்றிலை வாங்க என் பக்கம் திரும்பினார், வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து தட்டின்மேல் ஏறிவிட்டது. எல்லாரும் சிரித்தோம். அதுவரை எனக்கு ஒரு கோபமும் இல்லை.

வேறு தட்டு வைத்து மறுபடியும் படம் எடுக்கும்போதுதான் உன் மாமன் மகன் செல்லப்பாண்டி மலையிலிருந்து இறங்கி வந்தான். மொட்டைத் தலையில் சந்தனம். கூட இன்ஜின் செக்சனில் அவனோடு இருந்த ஆட்கள், எல்லாருக்கும் மொட்டை. போன வருஷம் கம்பெனி மூடப்போகிற நிலைமையில் கிடந்தபோது, பிழைத்தால் முடி இறக்குகிறோம் என்று வேண்டிக்கொண்டார்களாம். பிழைத்துவிட்டது. கரண்டு காருக்கு இன்ஜின் எதற்கு என்று இவர்களை வெளியே தள்ளித்தான் பிழைத்தது. வேலையே போச்சு, அப்புறம் எதுக்குடா மொட்டை என்று கேட்டேன். வேண்டுனது பலிச்சிருச்சுல்ல அத்தை, சாமியை ஏமாத்தலாமாங்க என்கிறான். கம்பெனி பேருக்கு அர்ச்சனை வேறு. நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டதற்குத் தன் நட்சத்திரத்தைச் சொன்னானாம், பைத்தியக்காரப் பிள்ளை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த உன் ஆபீஸ்காரர் ஒருவர் அவன் தோளைத் தட்டி, தொழிலாளி கையால பூசணி ஒடைச்சா வீடியோ நல்லா வரும் என்று பூசணியைத் தூக்கிக் கொடுத்தார். த்தூ! துரத்திவிட்ட ஆளை வைத்தே திருஷ்டி கழிப்பீர்களா? அவனும் வாங்கிச் சுற்றி உடைத்தான். கார் போனபிறகு, ரோட்டில் வருகிற வண்டி வழுக்கிவிடும் என்று சிதறல்களையும் அவனே ஒதுக்கினான். உன்னை வேண்டாமென்று சொன்ன புண்ணியவான் எவன்டா என்று கேட்டேன். விடுங்க அத்தை என்றான். கூட வந்தவர்தான், யாரு இருக்கணும் யாரு போகணும்னு ஆட்களைப் பிரிச்சது நம்ம குமரகுரு சாருதாங்கம்மா என்றார். நீங்க சும்மா இருங்கண்ணே என்று இவன் அவரை அதட்டினான்.

எங்கேயோ மேலே முடிவு பண்ணுகிறார்கள் என்று என்னிடம் சொன்னாயே, பாவி. அவனை வடக்கே கூட்டிப்போய் உன் கம்பெனியில் சேர்த்ததே நீதானே? பேட்டரி வேலை சொல்லிக்கொடுத்தால் அவனுக்கு வராதா? வராது என்று எந்த வாயால் சொன்னாய்? அதையும் நேரில் சொல்லாமல் மெசேஜ் தட்டிவிட்டாயாம். ரீஸ்ட்ரக்சரிங் என்று நீ பெருமையாகச் சொன்னாயே, நம் ஊரில் அதற்குப் பெயர் கழுத்தறுப்பு. அப்பா விஷயம் தெரிந்ததிலிருந்து உன் படத்தைப் பார்க்கவே முகம் சுளிக்கிறார்.

தைப்பூசத்துக்குப் புதுக் காரில் வருகிறேன், பூஜைச் சாமான் எடுத்து வையுங்கள் என்றாயே, என் கடை எலுமிச்சை உன் சக்கரத்துக்கு அடியில் வராது. பஸ்ஸில் வா. முதலில் ஆயக்குடியில் இறங்கி மாமன் வீட்டுக்குப் போ, செல்லப்பாண்டி முகத்தைப் பார்த்து நான்தான் செய்தேன் என்று சொல், அப்புறம் வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் முழிக்காதே. முருகன் உனக்கு ஆயுசையும் நல்ல புத்தியையும் சேர்த்தே கொடுக்கட்டும். இத்துடன் விபூதிப் பொட்டலம் வைத்திருக்கிறேன், மறக்காமல் பூசிக்கொள். கம்பெனி பேருக்குச் செய்த அர்ச்சனையில் வந்தது. உன்னிடம் சேர்க்கச் சொல்லி செல்லப்பாண்டிதான் கொடுத்தான்.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்,
சுந்தராம்பாள்